தலையீற்று நாள்

கோல சிலாங்கூர் மாவட்டத்தின் ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் வட்டாரங்களில் செம்பனை மரங்களின் நிழலில் மாடுகள் மேய்வதைக் காணலாம். சில வேளைகளில் அவை சாலைக்கும் வந்துவிடுகின்றன. வாகனமோட்டிகள் சினம் கொள்கின்றனர். தோட்ட நிருவாகத்தினர் எச்சரிக்கை விடுக்கின்றனர். ஆனால், அம்மாடுகளை வளர்ப்பவருக்கு அவை நடமாடும் சேமிப்பு. பிள்ளையின் உயர்கல்விக் கட்டணம், மகளின் திருமணம், எதிர்பாராத மருத்துவச் செலவு எனப் பணம் தேவைப்படும் போதெல்லாம் ஒரு மாட்டை விற்றுச் சமாளித்த குடும்பங்கள் தோட்டப்புறங்களில் ஏராளம். இந்தச் சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டி கன்றுகள்தாம்.

ஒரு பசு தன் வாழ்நாளில் எத்தனை கன்றுகளைத் தரும்? மாட்டின் இனம், தீவனம், நோய் ஆகியவை இதற்குக் காரணம் என்று எவரும் சொல்வர். இவற்றோடு, பலர் எண்ணிப் பார்க்காத இன்னொன்றும் உண்டு. அந்தப் பசு முதன்முதலில் கன்று ஈன்ற நாள் எது என்பதே அது. மந்தையில் மற்றக் கிடாரிகளுக்கு முன்னதாகவே தலையீற்றை முடித்த பசுவும், இரண்டு மூன்று மாதம் பிந்தி ஈன்ற பசுவும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஐந்தாறு ஆண்டுக்குப் பின் கணக்குப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

தோட்டமும் மாடும்

நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் உருவானது. 1917ஆம் ஆண்டில் ஆன்ரி ஃபோக்கோன்னியே என்னும் பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையைப் பயிரிட்டார். தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயராக இருப்பதைக் கவனியுங்கள். ஃபோக்கோன்னியே பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய ஊர், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. பெரியவர்கள் இன்றும் பழைய பெயரைச் சொல்வதுண்டு.

அக்காலத்தில் பெரும்பாலான தோட்டங்களில் பால்மரமே இருந்தது. தமிழகத்திலிருந்து வந்த பாட்டாளிகள் லயத்துக்குப் பின்புறம் சிறு கொட்டகை போட்டு மாடு வளர்த்தனர். பால் வீட்டுக்கும் விற்பனைக்கும் உதவியது. சாணம் காய்கறித் தோட்டத்துக்கு உரமானது. மாட்டுப் பொங்கலன்று கொம்புகளுக்கு வண்ணம் பூசப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல்களை இன்று ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என வகைப்படுத்துகின்றனர். இவற்றோடு, நம் நாட்டுக்கே உரிய கெடா-கிளந்தான் மாடும் உண்டு. அது உருவில் சிறியது. நன்கு வளர்ந்த பசுவே ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ எடைதான் இருக்கும். ஆனால், வெயிலையும் எளிய தீவனத்தையும் தாங்கும். கன்று ஈனுவதில் கெட்டிக்கார இனம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பாட்டாளிக் குடும்பங்கள் வெளியேறிய பின்னர், வீட்டுக்கு வீடு பால் ஊற்றும் தொழில் சுருங்கியது. பால் கறக்க நாள்தோறும் விடியற்காலையில் ஆள் வேண்டும். கன்றை வளர்த்து விற்பதற்கு அவ்வளவு ஆள்பலம் தேவையில்லை. ஆகவே, இறைச்சிச் சந்தைக்காக மாடு வளர்ப்பது பலருக்குப் பகுதி நேரத் தொழிலாயிற்று. தம் வீட்டில் மாட்டிறைச்சி சமைக்காத குடும்பத்தாரும் இத்தொழிலில் உள்ளனர். பெயர் சொல்லி அழைத்து வளர்த்த மாட்டை லாரியில் ஏற்றும்போது அவர்களின் மனம் கனப்பதும் உண்மைதான். நாட்டின் தேவையோ பெரிது. அண்மை ஆண்டுகளில் நாம் உண்ணும் மாட்டிறைச்சியில் ஐந்தில் ஒரு பங்குகூட உள்நாட்டில் உற்பத்தியாவதில்லை. எஞ்சியது இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. இந்நிலையில், இருக்கும் ஒவ்வொரு பசுவும் ஆண்டுக்கு ஒரு கன்று தருமா என்பது வளர்ப்பவருக்கு மட்டும் உரிய கவலை ஆகாது.

எண்பது நாள்

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 285 நாள். ஓர் ஆண்டுக்கு 365 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமாயின், கன்று ஈன்ற பின் பசு மீண்டும் சினையாவதற்குக் கிடைக்கும் கால அளவு 80 நாள் மட்டுமே. இந்தக் கழித்தல் கணக்கு எளிது. அதற்குள் பசுவின் உடலில் நடக்க வேண்டியவைதாம் கடினம்.

முதலில், கன்றைச் சுமந்து விரிந்திருந்த கருப்பை சுருங்கிப் பழைய நிலையை அடைய வேண்டும். இதற்கே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பின்னர், பசு மீண்டும் பருவத்துக்கு வர வேண்டும். பருவம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை வரும். அதுவும் ஒரு நாளுக்குக் குறைவான நேரமே நீடிக்கும். காளையுடன் சேரும் ஒவ்வொரு முறையும் சினை பிடிப்பதில்லை. தவறினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

நன்கு உண்டு தேறிய, பல ஈற்றுக் கண்ட பசு ஐம்பது, அறுபது நாளில் பருவத்துக்கு வந்துவிடும். தலையீற்றுப் பசுவுக்கு எண்பது முதல் நூறு நாள் வரை ஆகலாம். மேய்ச்சல் வறண்டிருந்தால் அதற்கும் மேல் ஆகும். இவ்வேறுபாடு எதனால் வருகிறது?

தலையீற்றுப் பசு இன்னும் முழு வளர்ச்சி அடையாத பசு. அது தன் உடலையும் வளர்த்துக்கொண்டு, கன்றுக்கும் பாலூட்டுகிறது. அதே வயதில்தான் அதன் பாற்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்கின்றன; புல்லைக் கடித்து மேய்வதும் அதற்குச் சற்றுச் சிரமம். போதாக்குறைக்கு, மந்தையில் மூத்த பசுக்கள் இளம் பசுவை ஒதுக்கித் தள்ளிவிட்டு நல்ல புல்லையும் தீவனத் தொட்டியையும் பிடித்துக்கொள்கின்றன.

ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டு வாடகை, அரிசி பருப்பு, பள்ளிச் செலவு ஆகியவை முதலில் போகும். மீந்தால்தான் சேமிப்பு. பசுவின் உடலும் அப்படித்தான் செலவு செய்கிறது. உயிரைக் காப்பது, உடலை வளர்ப்பது, பால் சுரப்பது ஆகியவற்றுக்குப் பின் மீதம் இருந்தால் மட்டுமே அடுத்த சினைக்கு உடல் இணங்கும். தலையீற்றுப் பசுவிடம் பெரும்பாலும் மீதம் இருப்பதில்லை.

செவலையும் கறுப்பியும்

கணக்குப் புரிவதற்காக இரண்டு கிடாரிகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று செவலை, மற்றொன்று கறுப்பி. இரண்டும் ஒரே வயது, ஒரே எடை. உரிமையாளர் ஜனவரி 1ஆம் நாள் காளையை மந்தையில் விடுகிறார். மார்ச் 31ஆம் நாள் பிரித்துவிடுகிறார்.

செவலை ஜனவரி 10இல் சினையாகிறது. 285 நாள் கூட்டினால், அது கன்று ஈனும் நாள் அக்டோபர் 22. கறுப்பிக்கு முதல் முறைகள் தவறி, மார்ச் 25இல்தான் சினை பிடிக்கிறது. அது அடுத்த ஆண்டு ஜனவரி 4இல் ஈனுகிறது. இரண்டு கன்றுகளுக்கும் 74 நாள் இடைவெளி. கன்று நாளொன்றுக்கு 300 கிராம் எடை கூடுவதாக வைத்துக்கொண்டால், இரண்டையும் ஒரே நாளில் பால்மறக்கச் செய்து விற்கும்போது செவலையின் கன்று 22 கிலோ அதிகமாக இருக்கும். இது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. வியாபாரி பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுதான் பெரிது. இரண்டு பசுக்களும் கன்று ஈன்ற 90ஆம் நாள் பருவத்துக்கு வருவதாகக் கொள்வோம். செவலைக்கு அந்நாள் ஜனவரி 20. காளை ஏற்கெனவே மந்தையில் இருக்கிறது. ஜனவரி 20, பிப்ரவரி 10, மார்ச் 3, மார்ச் 24 என நான்கு வாய்ப்புகள் அதற்குக் கிடைக்கின்றன. முதல் முறை தவறினாலும் கவலை இல்லை. கறுப்பிக்கு 90ஆம் நாள் ஏப்ரல் 4. காளையைப் பிரித்து நான்கு நாளாகிவிட்டன! அந்த ஆண்டில் அதற்கு ஒரு வாய்ப்புகூட இல்லை. புல்லைத் தின்னும், மருந்துச் செலவும் வைக்கும், ஆனால், அடுத்த ஆண்டு கன்று தராது.

கறுப்பியிடம் குறை ஏதும் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. செவலையைப் போலவே அதற்கும் 90 நாள்தான் தேவைப்பட்டது. தொடக்கத்தில் பிந்தியதால் முடிவிலும் பிந்தியது, அவ்வளவே. ஒரு முறை பிந்திய பசு தானாக முந்தி வருவது அரிது. 80 நாள் கணக்கில் மிச்சம் பிடிக்க இடமே இல்லை.

கற்பனைக் கணக்கு ஒருபுறம் இருக்க, உண்மை மந்தைகளிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மொந்தானா மாநிலத்து மந்தைகளை ஆராய்ந்து 1973இல் வெளியான ஆய்வு, முதன்முறை முன்னதாக ஈன்ற பசுக்கள் பின்னாளிலும் முன்னதாகவே ஈனுகின்றன என்று காட்டியது. நாற்பது ஆண்டுக்குப் பின், 2013இல், நெப்ராஸ்கா மாநிலத்தின் கிளே சென்டரில் உள்ள இறைச்சிக் கால்நடை ஆய்வு மையத்தினர் மேலும் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்தியவை அம்மையத்தின் 16,000க்கும் மேற்பட்ட கிடாரிகளின் பதிவுகள். கன்று ஈனும் பருவத்தின் முதல் 21 நாளுக்குள் தலையீற்றை முடித்தவை ஒரு பிரிவு. அதற்குப் பின் ஈன்றவை மற்றப் பிரிவுகள். முதல் பிரிவுப் பசுக்கள் மந்தையில் அதிக ஆண்டுகள் நிலைத்தன. அவற்றின் முதல் ஆறு கன்றுகள் பால்மறக்கும்போது கூடுதல் எடையுடன் இருந்தன. அந்த ஆறு கன்றுகளின் கூடுதல் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய இன்னொரு கன்றுக்கு ஈடாகிறது. ஒரு கிடாரியின் முதல் மூன்று வாரம் இத்தனை ஆண்டுகளுக்கு எதிரொலிக்கும் என்று யார்தான் எதிர்பார்த்திருப்பர்?

இங்கே பனிக்காலம் இல்லை

மொந்தானாவிலும் நெப்ராஸ்காவிலும் குளிர்காலத்தில் பனி பெய்து நிலம் உறைந்துபோகும். அங்குள்ள பண்ணையாளர் வசந்தகாலப் புல்லை நம்பிக் கன்று ஈனும் பருவத்தைத் திட்டமிட்டாக வேண்டும். கோல சிலாங்கூரில் ஆண்டு முழுவதும் பச்சைதான். எனவே, நம் சிறு வளர்ப்பாளர் பலர் காளையைப் பிரிப்பதே இல்லை. அது பன்னிரண்டு மாதமும் மந்தையோடு சுற்றுகிறது. கன்றுகள் எந்த மாதத்திலும் பிறக்கின்றன. அப்படியானால், மேலே கண்ட கணக்கு நமக்குப் பொருந்தாதா?

பொருந்தும், ஆனால், மறைந்துகொள்ளும். காளை எப்போதும் இருப்பதால் கறுப்பி முற்றிலும் வெறுமையாக இருந்துவிடாது. ஏப்ரலிலோ மே மாதத்திலோ, மேய்ச்சல் மோசமாயிருந்தால் ஆகஸ்டிலோ சினையாகிவிடும். ‘பரவாயில்லை, சினையாகிவிட்டது’ என்று உரிமையாளர் ஆறுதல் அடைவார். இரண்டு ஈற்றுக்கு இடையே ஓராண்டுக்குப் பதிலாகப் பதினாறு மாதம் ஓடியிருப்பதை அவர் கவனித்திருக்க மாட்டார். ஏனெனில், முதல் கன்று பிறந்த நாள் எங்கும் எழுதப்படவில்லை. பத்தாண்டில் பத்துக் கன்றுகளுக்குப் பதில் ஏழோ எட்டோ கிடைக்கும். இழந்தவை பிறக்கவே இல்லையாதலால், அவற்றை இழந்ததாக யாரும் வருந்துவதும் இல்லை.

காளை எப்போதும் மந்தையிலேயே இருப்பதால் வேறு இரு தொல்லைகளும் உண்டு. நான்கைந்து ஆண்டு ஒரே காளை இருந்தால், அது தன் சொந்தக் கன்றுகளையே சினையாக்கும், இனம் நலியும். மேலும், போதிய வளர்ச்சி இல்லாத இளங்கிடாரியும் சினையாகிவிடும். இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘முன்னதாக ஈனுதல்’ என்றால் சிறு வயதிலேயே ஈனுதல் என்று பொருள் கொள்ளக் கூடாது. தகுந்த எடையை அடைந்த கிடாரிகள், இனப்பெருக்கக் காலத்தின் தொடக்கத்திலேயே சினையாக வேண்டும் என்பதே இதன் பொருள். முழு வளர்ச்சி எடையில் அறுபது முதல் அறுபத்தைந்து விழுக்காட்டை எட்டிய பிறகே கிடாரியைக் காளையுடன் விடலாம். 240 கிலோ வரை வளரக்கூடிய கெடா-கிளந்தான் கிடாரிக்கு அது ஏறக்குறைய 150 கிலோ. அதற்கு முன் சினையானால் கன்று ஈனும்போது தாய்க்கும் கன்றுக்கும் ஆபத்து. பிழைத்தாலும் தாயின் வளர்ச்சி குன்றிவிடும்.

நம் பகுதியிலும் புல்லுக்கு ஏற்ற இறக்கம் உண்டு. சிலாங்கூரின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. ஜூன், ஜூலையிலும் ஆண்டுத் தொடக்கத்திலும் மழை குறையும். மழை தொடங்கிச் சில வாரத்தில் புல் தழைக்கும். தாய்க்கு மிகுதியான தீவனம் தேவைப்படும் பாலூட்டும் மாதங்கள் அந்தத் தழைப்போடு சேர்ந்து வந்தால் நல்லது. ஆயினும், கோல சிலாங்கூரின் தாழ்ந்த கடலோர நிலத்தில் கனமழையின்போது சேறும் சகதியுமாகிவிடும். பிறந்த கன்று ஈரத்தில் கிடந்தால் கழிச்சல் நோய் வரும். அதனால், மழை உச்சத்தில் இருக்கும்போது ஈனுவதை விட, அதற்குச் சற்று முன்னதாக ஈனுவதே இப்பகுதிக்கு ஏற்றது எனத் தோன்றுகிறது. மேடான, காய்ந்த கொட்டகை உள்ளவருக்கு இக்கவலை குறைவு.

செம்பனைத் தோட்டத்தில் மழையைப் போலவே நிழலும் முக்கியம். மரங்கள் சிறியனவாக இருக்கும்போது வெயில் தரையில் விழுந்து புல் செழிக்கும். ஆனால், மாடுகள் தாழ்ந்த ஓலைகளைக் கடித்துவிடும் என்பதால் அங்கே அவற்றை விடுவதில்லை. மரங்கள் வளர்ந்து மட்டைகள் ஒன்றோடொன்று கூடியதும் மாடுகளை விடலாம்; ஆனால், வெளிச்சம் குறைந்து புல்லும் குறையும். ஒரே இடத்தில் நாள்தோறும் மேய்த்தால் விரைவில் வெறுந்தரைதான் மிஞ்சும், மண்ணும் இறுகும். அதனால்தான் முறைப்படி மாடு வளர்க்கும் தோட்டங்களில் மின்வேலி அமைத்து, மந்தையைப் பகுதி பகுதியாக மாற்றி மேய்க்கின்றனர். மேய்ந்த பகுதிக்கு, புல் மீண்டும் தழைத்த பிறகே மந்தை திரும்பும். களைகளை மாடுகள் தின்றுவிடுவதால் தோட்டத்துக்குக் களைக்கொல்லிச் செலவும் குறைகிறது.

கட்டிப்போட்ட கன்று

பழைய தோட்ட வழக்கம் ஒன்றை இங்கே நினைவுகூரலாம். காலையில் பசுவை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டுக் கன்றைக் கொட்டகையிலேயே கட்டிவைப்பார்கள். பசு மாலையில் மடி கனக்கத் திரும்பி வரும். கறந்தது போக மீதியைக் கன்று குடிக்கும். பால் வேண்டும் என்பதற்காகவும், கன்று வழிதவறிப் போகாமல் இருப்பதற்காகவும் செய்த ஏற்பாடு இது. இதில் இன்னொரு நன்மையும் அடங்கியிருந்தது.

கன்று எந்நேரமும் தாயோடு திரிந்து அடிக்கடி பால் குடிக்கும்போது, தாயின் மூளை கருமுட்டையை வளர்க்கும் இயக்குநீரின் சுரப்பைத் தடுத்துவைக்கிறது. கையில் ஒரு பிள்ளை இருக்கும்போது அடுத்த பிள்ளை வேண்டாம் என்று உடல் முடிவு செய்வதைப் போன்றது இது. செபு இன மாடுகளில், அதாவது நம் மாடுகளைப் போன்ற திமிலுடைய இனங்களில், இத்தடை நீண்ட நாள் நீடிக்கும். 1981இல் அமெரிக்காவின் டெக்சாஸில் வெளியான ஆய்வு ஒன்றில், பிராமன் கலப்பினத் தலையீற்றுப் பசுக்களின் கன்றுகள் நாளுக்கு ஒரு முறை மட்டும் பால் குடிக்க விடப்பட்டன. கன்றுகள் எந்நேரமும் உடனிருந்த பசுக்களை விட அவை மிக விரைவாகப் பருவத்துக்கு வந்தன. பிராமன் இனமே இந்தியாவின் ஓங்கோல், கிர், குசராத்து மாடுகளிலிருந்து உருவாக்கப்பட்டது என்பது சுவையான செய்தி.

கொட்டகையில் கன்றைக் கட்டிப்போட்ட நம் பாட்டிமார் இயக்குநீரைப் பற்றிப் படித்ததில்லை. ஆனாலும், இறைச்சிக்காகக் கன்றை முழுநேரமும் தாயோடு விட்டுவிடும் இன்றைய முறையில் ஈற்று இடைவெளி ஏன் நீள்கிறது என்பதற்கு அவ்வழக்கம் ஒரு விடையைத் தருகிறது. இம்முறையைப் பின்பற்றுவோர் கன்றுக்கு நல்ல பசும்புல்லும் தண்ணீரும் அருகிலேயே வைக்க வேண்டும். முதல் சில வாரங்களில் இதைச் செய்யவே கூடாது. பிறந்த முதல் ஆறு மணி நேரத்துக்குள் கன்று சீம்பாலை வயிறார குடிப்பதும் கட்டாயம். நோய் எதிர்ப்பாற்றல் அதன்வழியேதான் கன்றை அடைகிறது.

தாய்க்கு வேண்டிய தீவனத்தைக் கன்று ஈன்ற பின் கொடுக்கலாம் என நினைப்பது காலங்கடந்த செயல். சினையின் கடைசி மூன்று மாதத்தில் இளம் பசுவை மந்தையிலிருந்து பிரித்து, தனியே கூடுதல் தீவனம் கொடுக்க வேண்டும். வடக்கு சிலாங்கூரில் இதற்குப் பஞ்சமில்லை. செம்பனை விதைப் பருப்பிலிருந்து எண்ணெய் பிழிந்த பின் மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்கு நல்ல தீவனம். தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் நெல்வயல்களில் அறுவடைக்குப் பின் வைக்கோல் கிடைக்கும். வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர உடலைத் தேற்றாது. அதை மட்டும் நம்பிய பசுவுக்கு விலா எலும்பு தெரியும். அனுபவமுள்ளவர்கள் விலா, இடுப்பெலும்பு, வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்தே பசுவின் உடற்கட்டை மதிப்பிடுவர். 1 முதல் 9 வரையிலான அளவுகோலில், பல ஈற்றுக் கண்ட பசு 5இல் இருந்தால் போதும். தலையீற்றுப் பசு ஈனும்போது 6இல் இருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை.

கறுப்பியை விற்பதா?

கன்றின் பிறந்த நாளுக்குச் சந்தையிலும் மதிப்பு உண்டு. நம் நாட்டில் மாடுகளுக்குத் தேவை மிகுதியாகும் காலம் ஹஜ்ஜுப் பெருநாள். பலி கொடுக்கப்படும் மாட்டுக்கு இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. அப்பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னதாக வரும். 2024இல் ஜூன் 17ஆம் நாளும், 2025இல் ஜூன் 7ஆம் நாளும் கொண்டாடப்பட்டது. 2023 ஏப்ரலில் பிறந்த காளைக்கன்றை 2025ஆம் ஆண்டுப் பெருநாளுக்கு விற்க முடிந்தது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் பிறந்த கன்றுக்கு வயது போதவில்லை. அது மறு ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். மூன்று மாத வேறுபாட்டுக்காக ஏறக்குறைய ஓராண்டுக்குத் தீவனம், மருந்து, மேய்ப்பவர் கூலி எல்லாம் செலவாகும்.

இனி, வெறுமையாக நிற்கும் கறுப்பியை என்ன செய்வது? பெரிய பண்ணைகளில் விடை எளிது. காளையைப் பிரித்த இரண்டு மூன்று மாதத்தில் கால்நடை மருத்துவர் சினைப் பரிசோதனை செய்வார். சினையாகாத பசு விற்கப்படும். கன்று தராத பசுவுக்குப் புல் போடக் கூடாது என்பது அவர்களின் கணக்கு. நூறு மாடு வைத்திருப்பவருக்கு இது சரியான முடிவுதான். ஏழெட்டு மாடு மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதை அப்படியே பரிந்துரைக்க இயலாது. ஒரு கிடாரியை மூன்று ஆண்டு வளர்த்து, ஒரே கன்றோடு விற்பது பெரிய இழப்பு. கறுப்பி இந்த ஆண்டு ஓய்வெடுத்து உடல் தேறினால், அடுத்த ஜனவரி 1இல் காளை வரும்போது பாலூட்டும் சுமை இல்லாமல் ஆயத்தமாக இருக்கும். முதல் மூன்று வாரத்திலேயே சினையாகி, செவலையோடு சேர்ந்து அக்டோபரில் ஈனக்கூடும். ஒரு கன்றை இழந்து, இழந்த நாள்களை மீட்டுக்கொள்ளும் வழி இது. ஆனால், அதன் பிறகும் அது பிந்தினால் வைத்திருப்பதில் பயனில்லை.

இம்முடிவை எடுக்க உரிமையாளருக்கு இரண்டு தேதிகள் தெரிந்திருக்க வேண்டும்: கறுப்பி காளையுடன் சேர்ந்த நாள், கன்று ஈன்ற நாள். தோட்டப்புற வீடுகளின் சுவரில் தமிழ்த் தேதியும் சீனத் தேதியும் இஸ்லாமியத் தேதியும் ஒருங்கே அச்சிட்ட பெரிய நாள்காட்டி தொங்குவதுண்டு. ஈன்ற நாளை வட்டமிட்டு மாட்டின் பெயரை எழுதி, அங்கிருந்து 80 நாள் எண்ணி இன்னொரு வட்டம் போட்டால் போதும். அந்த இரண்டாவது வட்டம் வரும் நாளில் பசு சினையாகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் காளை, தீவனம், பால் குடிக்கும் கன்று ஆகிய மூன்றில் ஒன்றைக் கவனிக்க இன்னும் நேரம் இருக்கிறது. டிசம்பர் முடிந்ததும் பழைய நாள்காட்டியைத் தூக்கி எறிந்துவிடாமல், புதியதற்குப் பின்னால் அதே ஆணியில் மாட்டி வைக்க வேண்டும்.